அந்தத் தாய் தனக்காகவும் கேட்டாள்

தியானப் பகுதி: மத்தேயு 15:21-28, மாற்கு 9:14-29, யோவான் 9:1-3, யோவான் 19:25-27



தீரு, சீதோன் பட்டணங்களின் திசையில் ஆண்டவரைத் தேடி வந்த கானானிய ஸ்திரீயின் சரித்திரத்தைப் பலமுறை வாசித்திருக்கிறோம். அவளுடைய விசுவாசத்தைக் குறித்துப் பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். நாய்க்குட்டிகளையும் மேசையிலிருந்து விழும் துணிக்கைகளையும் பற்றி அவள் சொன்ன பதில் நமக்கு மனப்பாடம். ஆனால் அவள் முதன்முதலில் யாருக்காகக் கேட்டாள் என்பதை நின்று கவனிப்போர் சிலரே. வேதனைப்பட்டவள் மகள். தாயோ தனக்கு இரங்கும்படி கூப்பிட்டாள். அருகில் வந்து பணிந்துகொண்டபோதும், தனக்கு உதவி செய்யும்படியே கேட்டாள். மாற்கு 9ஆம் அதிகாரத்தின் தகப்பனும் இவ்வாறே, மகனோடு தன்னையும் சேர்த்து, தங்கள்மேல் மனதிரங்கும்படி வேண்டினான். வீட்டில் ஒருவர் தீராத நோயோடு வாழும்போது, அந்த நோயை உடனிருந்து சுமப்பவருக்கும் இரக்கம் தேவை. அந்தத் தாயும் தகப்பனும் அதைக் கூச்சமின்றிக் கேட்டார்கள். ஆண்டவர் அதைத் தன்னலம் என்று தள்ளிவிடவில்லை.

இந்த வாரம் அப்படிச் சுமப்பவர்களைக் குறித்துச் சிந்திக்க உங்களை அழைக்கிறேன். குறிப்பாக, மனச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டவர்களை ஊதியமின்றி, விடுமுறையின்றி, பெரும்பாலும் நன்றியுமின்றிப் பராமரிக்கும் பெற்றோர், மனைவி, கணவன், சகோதர சகோதரிகள். கடந்த நூறு ஆண்டுகளில் உலகம் அவர்களை எப்படி நடத்தியது என்ற வரலாற்றை அறிந்தால், நம் சபையின் கடைசி வரிசையில் அமர்ந்து ஆராதனை முடியுமுன்னே எழுந்துபோகும் தாயை வேறு கண்களால் பார்ப்போம்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். மேற்சொன்ன இரண்டு வேதபகுதிகளும் அசுத்த ஆவியைப் பற்றிப் பேசுகின்றன. ஆகவே மனநோய் யாவும் பிசாசின் பிடி என்று எவரும் முடிவு கட்டலாகாது. மத்தேயு 4:24ஐ எடுத்து வாசியுங்கள். ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியலில் பலவித வியாதிக்காரரும், பிசாசு பிடித்தவர்களும், சந்திரரோகிகளும், திமிர்வாதக்காரரும் தனித்தனியே சொல்லப்பட்டிருக்கிறார்கள். வேதமே வேறுபடுத்திக் காட்டுவதை நாம் ஒன்றாக்கக் கூடாது. மனச்சிதைவு என்பது மூளையைப் பாதிக்கும் நோய். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 300 பேரில் ஒருவர் இந்நோயோடு வாழ்கிறார். இது பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். பிறருக்குக் கேளாத குரல்கள் கேட்கும். தன்னை யாரோ கொல்லச் சதிசெய்கிறார்கள் என்ற அசைக்க முடியாத எண்ணம் எழும். பேச்சு தொடர்பிழக்கும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும். சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளும்போது, தள்ளப்படுவது அம்மா பிசைந்து வைத்த சோறு. சந்தேகிக்கப்படுகிறவளும் அவளே. ஆயினும் மறுநாள் காலையில் மாத்திரையை எடுத்துக்கொண்டு அதே கதவைத் தட்டுகிறவளும் அவளே.

பெயர் சூட்டியவரின் வீடு

இந்நோய்க்கு இன்றுள்ள பெயரைத் தந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஆய்கன் புளூலர். சூரிச் நகருக்கு அருகே ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்தில் 1857இல் பிறந்தவர். அவருக்கு முன் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின், இளவயதில் தொடங்கி அறிவை அழித்துவிடும் நோய் என்ற பொருளில் இதற்குப் பெயரிட்டிருந்தார். நோயாளிகளோடு நெருங்கிப் பழகிய புளூலர், இது எப்போதும் இளவயதில் தொடங்குவதில்லை, எப்போதும் அறிவழிவில் முடிவதுமில்லை என்று கண்டார். 1908இல் பெர்லினில் ஆற்றிய உரையில், மனத்தின் செயல்கள் ஒன்றோடொன்று இசையாமல் பிரிந்துபோவதைக் குறிக்கும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஸ்கீசோஃப்ரினியா என்ற பெயரை முன்வைத்தார். ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் என்று திரைப்படங்கள் காட்டுவதற்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை.

மருத்துவ மாணவர் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. புளூலரின் தமக்கையும் மனநோயால் பாதிக்கப்பட்டவர். சூரிச்சின் புர்கோல்ஸ்லி மருத்துவமனைக்குத் தலைவராக இருந்த காலத்தில், வளாகத்திலிருந்த தம் இல்லத்திலேயே, மனைவி மக்களோடு தமக்கையையும் வைத்துப் பராமரித்தார் புளூலர். நோய்க்குப் பெயரிட்டவர் என்று பாடநூல்கள் அவரைக் குறிக்கின்றன. நோயுற்ற சகோதரியோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த தம்பி என்று அவரை அறிந்தோர் குறைவு. இந்நோயின் வரலாற்றில் முதல் ஏட்டிலேயே ஒரு பராமரிப்பாளர் நிற்கிறார்; ஆனால் மருத்துவர் என்ற அங்கி அவரை மறைத்துவிடுகிறது.

யார் செய்த பாவம்?

பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்கள், இவன் பாவமோ, இவன் பெற்றோரின் பாவமோ என்று ஆண்டவரிடம் கேட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் மத்தியில் அறிவியலின் மொழியில் அதே கேள்வி மீண்டும் கேட்கப்பட்டது. பெற்றோர்மேல் தீர்ப்பும் எழுதப்பட்டது.

ஃப்ரீடா ஃப்ரொம் ரைக்மன் என்ற யூத மருத்துவர், நாஜிகளின் ஜெர்மனியை விட்டு வெளியேறி அமெரிக்காவில் குடியேறியவர். மேரிலாந்து மாநிலத்தில் செஸ்ட்நட் லாட்ஜ் என்ற மருத்துவமனையில், மற்றவர் கைவிட்ட நோயாளிகளின் அருகில் மணிக்கணக்கில் பொறுமையோடு அமர்ந்தவர். அவர் கல்நெஞ்சர் அல்லர். ஆயினும் 1948இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற பொருள்படும் சொல் இடம்பெற்றது. அன்பில்லாமல் தள்ளிவைக்கும், அதே வேளையில் அடக்கி ஆளும் தாயால் பிள்ளைக்கு இந்நோய் வருகிறது என்ற கருத்து அச்சொல்லோடு பரவியது. 1956இல் கிரெகரி பேட்சனும் அவருடைய குழுவினரும், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு செய்திகளை ஒரே நேரத்தில் தரும் பெற்றோரின் பேச்சே பிள்ளையைச் சிக்கவைக்கிறது என்று எழுதினர். அடுத்த இருபது ஆண்டுகள் மேல்நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் இக்கருத்துகள் ஆட்சி செய்தன. பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்து வந்த தாய், மருத்துவரின் அறையில் சாட்சியாக நுழைந்து குற்றவாளியாக வெளியே வந்தாள்.

அந்தத் தீர்ப்பைத் தகர்த்த ஆய்வுகளில் ஒன்று எளிமையானது. லெனார்டு ஹெஸ்டன் என்ற மருத்துவர் 1966இல் அதை வெளியிட்டார். அமெரிக்காவின் ஆரிகன் மாநில மனநல மருத்துவமனையில் மனச்சிதைவுற்ற தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரை அவர் தேடிக் கண்டார். அவர்களில் 5 பேருக்கு மனச்சிதைவு வந்திருந்தது. அதேபோல் பிரிந்து வளர்ந்த, ஆனால் தாய்க்கு இந்நோய் இல்லாத 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அந்த 5 பேரையும் பெற்ற தாய் வளர்க்கவில்லை. தாயின் பேச்சும் ஏச்சும் அவர்கள் காதில் விழுந்ததே இல்லை. டென்மார்க்கில் தத்துப்பிள்ளைகளைக் குறித்துச் செய்த ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. உடலின் வழி வரும் மரபுக்கூறு இந்நோயில் பெரும் பங்கு வகிக்கிறது. வேறு காரணங்களும் அதோடு சேருகின்றன. தாயின் வளர்ப்பே நோயை உண்டாக்கியது என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரம் நிலைக்கவில்லை.

சீஷர்களுக்கு ஆண்டவர் கொடுத்த பதிலை நினைத்துப் பாருங்கள். அவனுமல்ல, அவனுடைய பெற்றோருமல்ல என்று அவர் ஒரே வரியில் முடித்தார். நவீன மருத்துவம் அந்த இடத்துக்கு வந்து சேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. நம் ஊர்களிலோ அது இன்னும் வந்து சேரவில்லை. பெண் கொடுக்கல் வாங்கலில், தெருமுனைப் பேச்சில், ஏன், ஜெபக்கூட்டத்திலும், பெற்றோர் என்ன பாவம் செய்தார்களோ என்ற முணுமுணுப்பு ஓயவில்லை.

திறந்த கதவும் காத்திருந்த வீடும்

இதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1952இல் பாரிஸ் நகரின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ஜான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டனர். கேட்ட குரல்கள் பலருக்கு அடங்கின. வாழ்நாள் முழுதும் மதிலுக்குள் கிடக்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை பிறந்தது. அமெரிக்காவின் அரசு மனநல மருத்துவமனைகளில் 1955இல் சுமார் 5,59,000 நோயாளிகள் இருந்தனர். 1994இல் அந்த எண்ணிக்கை 72,000க்கும் கீழே வந்தது. அவர்களுக்குச் சமூகத்திலேயே சிகிச்சை மையங்கள் அமைப்பதாக 1963இல் அதிபர் கென்னடி ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். வாக்களித்த அளவுக்கு மையங்கள் எழவில்லை.

மதிலைவிட்டு வெளியே வந்தவர்கள் எங்கே போனார்கள்? சிலர் தெருவுக்கு. சிலர் சிறைக்கு. மிகப் பலர் தாய்வீட்டுக்கு. நோய்க்குக் காரணம் என்று எந்தத் தாயைச் சுட்டிக்காட்டினார்களோ, அதே தாயிடம் நோயாளியையும் மருந்துச் சீட்டையும் ஒப்படைத்து அனுப்பினார்கள். பயிற்சி தரவில்லை, சம்பளம் தரவில்லை, இரவில் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணும் தரவில்லை. குற்றஞ்சாட்டிய நாவு மன்னிப்புக் கேட்பதற்கு முன்பே கை வேலையைக் கொடுத்துவிட்டது.

அந்தப் பெற்றோர்கள் ஒருவரையொருவர் தேடத் தொடங்கினர். 1970இல் ஜான் பிரிங்கிள் என்ற ஆங்கிலேயத் தந்தை தம் மகனின் நோயைக் குறித்து லண்டன் டைம்ஸ் நாளிதழில் எழுதினார். அதைப் படித்த குடும்பங்கள் பல அவரைத் தொடர்புகொண்டன. அவர்கள் ஒன்றுகூடி 1972இல் தேசிய மனச்சிதைவுத் தோழமை என்ற அமைப்பை நிறுவினர். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில், இந்நோயுற்ற மகன்களைப் பெற்ற ஹாரியட் ஷெட்லர், பெவர்லி யங் என்ற இரண்டு தாய்மார் ஒரு மதிய உணவில் சந்தித்து மனம்விட்டுப் பேசினர். அந்தப் பேச்சிலிருந்து 1979இல் நாடு தழுவிய குடும்பங்களின் கூட்டமைப்பு பிறந்தது. வீட்டுக்குள் அழுதவர்கள் ஒரே மேசையில் அமர்ந்ததும், தாங்கள் தனியாக இல்லை என்று கண்டுகொண்டார்கள்.

களைப்பும் அதன் கணக்கும்

லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் வேறொரு கோணத்தில் ஆராய்ந்தார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் சிலர் நலமாகவே இருக்க, சிலர் மட்டும் மீண்டும் நோய் முற்றித் திரும்புவது ஏன்? அவரும் பர்லி, விங் ஆகியோரும் 101 நோயாளிகளின் வீடுகளை ஆராய்ந்து 1972இல் முடிவை வெளியிட்டனர். ஓயாத குறைகூறல், பகை, மிதமிஞ்சிய தலையீடு ஆகியவை நிறைந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் நூற்றுக்கு 58 பேருக்கு ஒன்பது மாதங்களுக்குள் நோய் மீண்டது. அமைதியான வீடுகளில் அது நூற்றுக்கு 16 மட்டுமே. பின்வந்த ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனித்தனர். பதற்றமான வீடுகளிலும், நோயாளியும் பராமரிப்பவரும் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருந்தபோதே ஆபத்து மிகுந்தது.

இதை மேலோட்டமாக வாசித்தால் பழைய குற்றச்சாட்டு புதிய உடையில் திரும்பியது போலத் தோன்றும். ஆனால் பிரவுன் சொன்னது நோயின் காரணத்தைப் பற்றியதன்று, நோய் மீளும் சூழலைப் பற்றியது. குறைகூறும் நாவுக்குப் பின்னால் உறங்காத இரவுகள் இருந்தன. படுக்கையைவிட்டு எழாத மகனைச் சோம்பேறி என்று திட்டும் தகப்பனுக்கு, அந்த அசைவின்மையும் நோயின் அறிகுறியே என்று எவரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்தபோது நிலைமை மாறியது. குடும்பத்துக்கு நோயை விளக்கி, உடன் நின்று, இளைப்பாற வழிசெய்தபோது நோய் மீள்வது வெகுவாகக் குறைந்ததைப் பிந்திய ஆய்வுகள் காட்டின. பராமரிப்பவரின் ஓய்வு நோயாளியின் மருந்துகளில் ஒன்று. எலியாவுக்குத் தேவதூதன் முதலில் அடையும் தண்ணீரும் கொடுத்து உறங்கவிட்ட பிறகே பயணம் வெகுதூரம் என்று சொன்னதை இங்கே நினைவுகூருங்கள்.

அமிர்தசரஸின் கூடாரங்கள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். விடுதலைக்கு முந்திய ஆண்டில் வெளிவந்த போர் குழுவின் அறிக்கையின்படி, இந்தியா முழுவதற்கும் மனநோயாளிகளுக்கென இருந்தவை சுமார் 10,000 படுக்கைகள். கோடிக்கணக்கான மக்களுக்கு அவ்வளவே. அப்படியானால் மற்ற நோயாளிகளை எல்லாம் கவனித்தது யார் என்ற கேள்விக்கு ஒரே விடைதான் இருந்தது: வீடு.

1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்த டாக்டர் வித்யா சாகர், அந்த விடையை மருத்துவமனைக்குள்ளேயே அழைத்து வந்தார். இடம் போதாமல் இருந்த வளாகத்தில் கூடாரங்களை அடித்து, நோயாளியோடு அவருடைய குடும்பத்தாரையும் தங்கவைத்தார். உறவினர் நோயாளிக்கு உணவூட்டினர், குளிப்பாட்டினர், அருகில் உறங்கினர். அவர்களையும் நோயாளிகளையும் சேர்த்து உட்காரவைத்து, நோயைக் குறித்து அவர்களுக்கு விளங்கும் மொழியில் பேசினார் மருத்துவர். தங்கள் கண்முன்னே நோயாளி தேறுவதைக் கண்ட உறவினர், அவரைக் கைவிடாமல் வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். மேல்நாட்டில் தாயைக் குற்றவாளியாக நிறுத்திய அதே ஆண்டுகளில், பஞ்சாபின் ஒரு மைதானத்தில் தாய் மருத்துவரின் உடன்வேலையாளாக அமர்ந்திருந்தாள்.

1950களின் பிற்பகுதியில் அதே வழி நம் தமிழகத்திலும் திறந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் நடத்தும் மனநல மையத்தை முன்னின்று உருவாக்கியவர் கனடாவிலிருந்து வந்த மிஷனெரி மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ். நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்குபெறும் முறை அங்கே வேரூன்றியது. 1963இல் அந்த அனுபவம் அமெரிக்க மனநல மருத்துவ இதழொன்றில் கட்டுரையாக வெளிவந்து, உலகின் கவனத்தைப் பெற்றது. நம் திருச்சபைகளின் காணிக்கையாலும் ஜெபத்தாலும் வளர்ந்த ஒரு நிறுவனம், பராமரிப்பவரை வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்தது என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

மாற்கு 9:21இல் ஆண்டவர் அந்தத் தகப்பனிடம், இது மகனுக்கு எவ்வளவு காலமாக இருக்கிறது என்று விசாரிக்கிறார். எல்லாம் அறிந்தவர் அவர். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கில்லை. ஆயினும் கேட்டார். சிறுவயதுமுதல் தீயிலும் தண்ணீரிலும் விழுந்த பிள்ளையைத் தூக்கியெடுத்த கதையைச் சொல்ல, அத்தகப்பனுக்கு அப்போது ஓர் இடம் கிடைத்தது. அமிர்தசரஸிலும் வேலூரிலும் மருத்துவர்கள் செய்ததும் அதுவே. பராமரிப்பவரிடம் கேட்டார்கள்.

புகழ்ச்சிக்குப் பின்னால்

உலகச் சுகாதார நிறுவனம் 1968 முதல் ஒன்பது நாடுகளில் மனச்சிதைவு நோயாளிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தது. லண்டன், வாஷிங்டன், மாஸ்கோ போன்ற நகரங்களோடு நம் ஆக்ராவும் அதில் ஒன்று. வசதிமிக்க நாடுகளைவிட ஆக்ராவிலும் நைஜீரியாவின் இபாதானிலும் நோயாளிகள் பலர் நன்றாகத் தேறியிருந்தது ஆய்வாளர்களை வியக்கவைத்தது. காரணம் குறித்து இன்றும் விவாதம் உண்டு. குடும்பம் கைவிடாமல் உடனிருந்ததே ஒரு முக்கியக் காரணம் என்று பலர் கருதினர்.

நாம் பெருமைப்படலாம். ஆனால் பெருமை விரைவில் திரையாகிவிடும். எங்கள் குடும்ப அமைப்பு உயர்ந்தது என்று மேடையில் சொல்லும்போது, அந்த அமைப்பின் முழு எடையும் யாருடைய முதுகில் இருக்கிறது என்று கேட்பதில்லை. 1981இல் பெங்களூரில் பை, கபூர் என்ற இரு ஆய்வாளர்கள் அதைக் கேட்டார்கள். குடும்பத்தின் பணம், அன்றாட வேலைகள், ஓய்வும் பொழுதுபோக்கும், வீட்டாரின் உறவுகள், மற்றவர்களின் உடல்நலம், மற்றவர்களின் மனநலம் என்று ஆறு தலைப்புகளில் சுமையை அளக்க ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கினர். சென்னையில், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன் 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவினார். அங்கிருந்து டாக்டர் தாராவும் உடன்பணியாளர்களும் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்று, இந்நோயால் மணவாழ்வு முறிந்த பெண்களைப் பற்றியது. கணவன்வீடு திருப்பி அனுப்பிய மகளை முதிர்ந்த பெற்றோர் மீண்டும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள் என்ற கவலை அவர்களைத் தின்றுகொண்டிருந்தது.

அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காதபோது என்ன நேரும் என்பதை நம் மாநிலம் ஒரு விடியற்காலையில் கண்டது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு தங்குமிடத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பத்தாரைக் கல்லெறிய நம் கை எழலாம். ஆனால் சிகிச்சைக்கு மருத்துவர் அருகில் இல்லாமல், கடன் வாங்கி, உறவு இழந்து, கடைசிப் புகலிடமாக வழிபாட்டுத் தலத்தைத் தேடியவர்கள் அவர்களில் எத்தனை பேர்! எந்த மதத்தின் நிழலிலும் சங்கிலி சங்கிலியே. ஜெபவீடு என்ற பெயர்ப்பலகை அதைப் பரிசுத்தமாக்காது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எவ்வகையிலும் தடைசெய்திருக்கிறது. சபையார் யாவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

பிரியமானவர்களே, இந்த வரலாறு நம்மிடம் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. முதலாவது, பாரத்தைக் கூட்டாதிருப்போம். விசுவாசம் குறைவு, அதனால்தான் பிள்ளை தேறவில்லை என்று எந்தத் தாயிடமும் சொல்லாதிருப்போம். மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபியுங்கள் என்று சொல்லவே சொல்லாதிருப்போம். மருந்தை நிறுத்தினால் நோய் மீளும் ஆபத்து மிகுதி, அந்த ஆபத்தைச் சுமப்பவர் ஆலோசனை சொன்னவர் அல்லர். வைத்தியனாகிய லூக்காவைப் பிரியமானவன் என்று அழைத்த பவுலின் சபை நாம்.

இரண்டாவது, மணி நேரங்களைக் கொடுப்போம். வாரத்தில் ஒரு மாலை, மூன்று மணி நேரம், அவ்வீட்டில் போய் அமருங்கள். அந்தத் தாய் கடைக்குப் போகட்டும், தங்கை வீட்டுக்குப் போகட்டும், ஒன்றும் செய்யாமல் உறங்கட்டும். மரித்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறோம், பிரசவித்த வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். மனநோயுற்றவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட வாரத்தில் அவ்வீட்டுக்கு யாரும் தூக்குச்சட்டி எடுத்துப் போவதில்லை. நாம் போவோம். கல்யாணத்துக்கு அழைக்கும்போது அந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்லி அழைப்போம். தன் சகோதரனைப் பற்றி வெளியே பேசத் தயங்கும் இளைஞனை வாலிபர் கூட்டத்தில் தனியே கண்டு பேசுவோம்.

மூன்றாவது, எங்களுக்குப் பிறகு யார் என்ற கேள்வியைச் சபையின் கேள்வியாக்குவோம். ஊனமுற்றோர் அடையாள அட்டை, அரசு உதவித்தொகை, காப்பாளர் நியமனம் ஆகியவற்றுக்கு அலுவலகம் அலுவலகமாக நடக்க, படித்த ஒருவர் முதிர்ந்த பெற்றோருக்குத் துணையாகப் போகலாம். இதுவும் ஊழியமே.

இதை வாசிக்கிற தாயே, தகப்பனே, மனைவியே, சகோதரனே, உங்களோடு ஒரு வார்த்தை. நீங்கள் காரணமல்ல. நீங்கள் களைத்திருப்பது பாவமல்ல. சில இரவுகளில் இதெல்லாம் முடிந்துவிட்டால் போதும் என்று எண்ணியிருப்பீர்கள். அந்த எண்ணத்துக்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொண்டிருந்தால், கானானிய ஸ்திரீயைப் போல உங்களுக்காகவும் இரக்கம் கேளுங்கள். மகளுக்காக மட்டும் ஜெபித்து எழுந்துவிடாதீர்கள். உங்கள் இரத்த அழுத்தத்தையும், உங்கள் உறக்கத்தையும், நின்றுபோன உங்கள் சங்கீதப் பயிற்சியையும் அவரிடம் சொல்லுங்கள். பராமரிப்போர் கூடும் இடம் உங்கள் ஊரில் இருந்தால் போய்ச் சேருங்கள். மேடிசனின் இரண்டு தாய்மாருக்கு ஒரு மதிய உணவு போதுமாயிருந்தது.

கடைசியாகச் சிலுவையண்டைக்கு வாருங்கள். ஆண்டவர் உலகத்தின் பாவத்தைச் சுமந்து தொங்கிய அந்த வேளையிலும், கீழே நின்ற தாயைப் பார்த்தார். தமக்குப் பிறகு அவளை யார் பராமரிப்பார்கள் என்பதை அவர் வானத்துக்கு விட்டுவிடவில்லை. அருகில் நின்ற ஒரு மனுஷனின் வீட்டைக் காட்டினார். அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான் என்று யோவான் 19:27 சாட்சியிடுகிறது. இரத்த உறவு இல்லாத ஒருவனின் வீட்டுக்கதவு அன்று திறந்தது. சபை என்பது அந்தக் கதவின் தொடர்ச்சி. வருகிற ஞாயிற்றுக்கிழமை, கடைசி வரிசையிலிருந்து அந்தத் தாய் எழுந்துபோகுமுன், நம்மில் ஒருவர் அவளிடம் போய், எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது அம்மா என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை நிற்போமாக.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, மனம் சிதைந்த பிள்ளைகளோடு விழித்திருக்கிறவர்களை உமது சமுகத்தில் நினைக்கிறோம். நோயுற்றோருக்குத் தெளிவையும், மருத்துவர்களுக்கு ஞானத்தையும், பராமரிக்கிறவர்களுக்கு உறக்கத்தையும் தாரும். அவர்கள் சுமையைத் தொட எங்கள் கைகளுக்கும், அவர்கள்மேல் குற்றம் சுமத்தாதிருக்க எங்கள் நாவுக்கும் கட்டளையிடும். அவர்களுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு எங்கள் சபையை ஒரு விடையாக்கும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.